நிழல் யாருக்குரியது?

சித்திரை பிறக்கும் நாட்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் உச்சிக்கு நேரே சூரியன் வந்து நிற்கிறான். நண்பகலில் நட்டு வைத்த கம்பத்துக்கு நிழல் இல்லை. வடக்கே சென்ற சூரியன் ஆவணியில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மீண்டும் ஒரு முறை நம் தலைக்கு மேலே நிற்கிறான். இவ்விரண்டு உச்சிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களே நமது வெயில் காலம். மழையில்லாத காலம். சோளகக் காற்று செம்மண் புழுதியை வாரி இறைக்கும் காலம். கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழே இறங்கும் காலம்.

இக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்காதீர்கள், வெளியே வாருங்கள், நடவுங்கள், துவிச்சக்கர வண்டி ஓட்டுங்கள், அன்றாட வேலைகளையே உடற்பயிற்சியாக்கிக் கொள்ளுங்கள் என்று வைத்தியர்கள் நமக்கு அறிவுரை கூறுகின்றனர். வளர்ந்த ஒருவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரையேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. நீரிழிவும் இருதய நோயும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட இந்நாளில் இவ்வறிவுரையை நாம் அலட்சியம் செய்ய முடியாது. செய்யவும் கூடாது.

ஆயினும் சரித்திரம் படிப்பவர்களாகிய நமக்கு இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நடப்பதும் நடவாதிருப்பதும் தனி மனிதனின் மன உறுதியை மட்டும் பொறுத்த விடயமா? இதே வெயிலில், இதே மண்ணில், நமது முன்னோர் நாள் முழுவதும் நடந்தார்கள், ஏறினார்கள், மிதித்தார்கள், சுமந்தார்கள். அவர்களுக்கு யாரும் அறிவுரை கூறவில்லை. அப்படியானால் அவர்களை நடக்க வைத்தது எது? அவர்களுள் நிழலில் நடந்தவர் யார்? வெயிலில் மட்டுமே நடக்க அனுமதிக்கப்பட்டவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை தேடாமல், வெளியே வாருங்கள் என்ற அழைப்பின் முழுப் பொருளையும் நாம் உணர முடியாது.

*

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் உயிர் பெறும் ஓடை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடை மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குகிறது. அந்த நிலத்தடி நீரே நமது ஆறு. கிணறுகளே அதன் துறைகள். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனென்ற் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில் யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கும் தோட்டங்களுக்கும் தனியே இடம் அளித்தார். ஆறில்லாத ஒரு நாடு தோட்டப் பயிரில் செழித்திருப்பது அந்நியர் கண்ணுக்கு வியப்பாகவே இருந்திருக்கும்.

ஆனால் கிணற்றிலிருந்து நீர் தானாகவா மேலே வந்தது? இல்லை. மனிதக் கால்கள் அதை மேலே கொணர்ந்தன.

துலாவைக் கண்டறியாத இளைய வாசகர்களுக்காக அதனைச் சற்று விளக்குவோம். கிணற்றருகே இரண்டு ஆடுகால்கள் நடப்பட்டிருக்கும். அவற்றுக்குக் குறுக்கே அச்சுலக்கை. அந்த அச்சில் சமநிலையாகக் கிடக்கும் நீண்ட மரமே துலா. அதன் ஒரு முனையில் துலாக்கொடி. கொடியின் நுனியில் பட்டை. துலாவின் மேல் ஏறி நிற்கும் ஆள் கிணற்றுப் பக்கமாக நடந்தால் மரம் தாழ்ந்து பட்டை நீரில் அமிழும். பின்பக்கமாக நடந்தால் அது நிறைந்து மேலே எழும். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரைத் தொட்டியில் கவிழ்ப்பார். இன்னொருவர் மண்வெட்டியுடன் வாய்க்காலோரம் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மறுபடியும் முன்னே நடை. மறுபடியும் பின்னே நடை. ஆழமான கிணறாயின் துலாவில் ஒருவருக்கு மேற்பட்டோர் ஏற வேண்டும். கால் இடறினால் கீழே கிணறு வாய் திறந்து கிடக்கும்.

புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் இந்த நடையில் விளைந்தவையே. திருவிதாங்கூர்ச் சந்தை வரை சென்று யாழ்ப்பாணத்துக்குப் பணம் கொண்டுவந்த புகையிலை ஒவ்வொன்றும் துலாவில் நடந்த கால்களின் கணக்கில் எழுதப்பட வேண்டியது. நேர்கோட்டில் நடந்திருந்தால் எத்தனை ஊர்களைக் கடந்திருப்பார்களோ, அத்தனை தூரத்தையும் அவர்கள் ஒரு மரத்தின் மேலேயே நடந்து தீர்த்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு உண்மைகள் உண்டு. முதலாவது, இவ்வுழைப்பு வெயிலின் போக்கறிந்து அமைந்தது. இருள் பிரியுமுன்பே இறைப்புத் தொடங்கும். சூரியன் ஏறுமுன் பெரும்பங்கு வேலை முடியும். உச்சிப் பொழுது மரநிழலுக்கும் கூழுக்கும் உரியது. வெயில் தாழ்ந்த பின் மீண்டும் தோட்டம். இன்று வைத்தியர்கள், அதிகாலையிலும் மாலையிலும் நடவுங்கள், நண்பகல் வெயிலைத் தவிருங்கள், தண்ணீர் அருந்துங்கள் என்று கூறும் விதிகளை உழவன் எந்த நூலையும் படியாமலே கடைப்பிடித்தான். இரண்டாவது, இவ்வுழைப்பு பெரும்பாலும் கூட்டுழைப்பு. கிணறுகள் பல பங்குக் கிணறுகள். இன்னார்க்கு இன்ன நாள் இறைப்பு என்று முறை வைத்து இறைத்தார்கள். தனியே நின்று துலாவை ஆட்ட முடியாது. ஒருவர் வராவிட்டால் மற்றவர் அவரைத் தேடிப் போவார்.

இதைப் படித்துவிட்டுப் பழைய நாட்களே பொற்காலம் என்று பெருமூச்சு விடும் அன்பர்கள் இருப்பார்கள். அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

*

1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழக்காறுகளைத் தொகுத்துத் தேசவழமை என்ற சட்டமாக்கினர். காணி, சீதனம், ஈடு ஆகியவற்றைப் பற்றிப் பேசும் அதே சட்டம் அடிமைகளைப் பற்றியும் பேசுகிறது. மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருப்பது இங்கே எழுதப்பட்ட சட்டமாக இருந்தது. 1844 ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய ஆட்சி அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது. சட்டம் ஒழிந்தது, சாதி ஒழியவில்லை. நேற்று அடிமை என்று அழைக்கப்பட்டவன் இன்று குடிமை என்று அழைக்கப்பட்டான். காணி கிடையாது, குடியிருக்கும் நிலமும் பிறருடையது, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரவேண்டும் என்ற நியதி மட்டும் அவனுடையது.

தன் தோட்டத்துக்குத் தானே இறைத்த சிறு உழவர் பலர் இருந்தனர் என்பது உண்மை. ஆனால் பெரிய காணிக்காரரின் துலாவில் நடந்த கால்கள் காணிக்காரருடையவை அல்ல. அந்தக் கால்களுக்கு நடை தேகாப்பியாசமும் அன்று, இன்பமும் அன்று. அது வயிற்றுக்கான விலை.

பனைமரத்தைப் பாருங்கள். வெயில் ஏறும் மாதங்களே பாளை சுரக்கும் மாதங்கள். காலில் தளைநாரும் இடுப்பில் பாளைக்கத்தியும் முட்டியுமாக ஒரு தொழிலாளி காலையிலும் மாலையிலும் மரம் மரமாக ஏறி இறங்கினான். நெஞ்சின் தோல் காய்த்துக் கறுத்தது. அவன் இறக்கிய கள்ளையும் கருப்பநீரையும் ஊர் முழுவதும் பருகியது. அவனையோ ஊர் தீண்டாதவன் என்றது. அந்த மனிதனிடம் போய், இன்று போதிய அளவு உடலை அசைத்தீரா என்று கேட்டால் அது எத்தகைய கொடிய பரிகாசமாக இருந்திருக்கும்!

ஒரு பக்கத்தில் திண்ணையை விட்டு இறங்காதிருப்பதே பெருமை என்று கருதிய ஒரு கூட்டம். மறு பக்கத்தில் திண்ணையில் ஏற உரிமையற்று நாள் முழுவதும் வெயிலில் நின்ற ஒரு கூட்டம். ஒருவனுக்கு நடை இல்லை. இன்னொருவனுக்கு ஓய்வு இல்லை. ஒன்று சோம்பல், மற்றது விதி என்று இவற்றைத் தனித்தனியே பேசிப் பயனில்லை. ஒரே சமுதாய அமைப்பே இரண்டையும் ஈன்றது.

*

அக்காலத்து வீதிகளில் போவோர் வருவோருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் பல இருந்தன. அவை நம் பெருமைக்குரியவையே. பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. வீதியின் இரு மருங்கிலும் திண்ணைகள், சுண்ணக் கற்றூண்கள், வீதியையே மூடி நிற்கும் கூரை. வழியே வந்தவன் வழியை விட்டு விலகாமலே நிழலில் அமர்ந்து இளைப்பாறலாம். தலைச்சுமையுடன் நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும் ஏற்றிக் கொள்ளவும் தோளுயரத்தில் கட்டப்பட்டது சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றைக் கட்டும் வழக்கம் இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, இருப்பவர் சுமை இறக்க ஒரு கல்! மாடுகள் உடலைத் தேய்த்துத் தினவு தீர ஆவுரோஞ்சிக்கல். அவை நீர் குடிக்கத் தொட்டி. அருகே கேணியும் ஆலும் மருதும்.

வெயில் நாட்டில் நடை என்பது இத்தகைய ஏற்பாடுகள் இன்றி நடவாது என்பதை அக்கால மக்கள் அறிந்திருந்தனர். நிழல், நீர், இருக்க ஓரிடம், சுமை வைக்க ஒரு கல் ஆகிய நான்கும் சேர்ந்ததே வீதி. இக்காலத் திட்ட வகுப்பாளர் மறந்துவிட்ட ஒரு பாடம் இது.

எனினும் இந்த நிழல் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? இங்கேதான் நம் பெருமை தலை குனிகிறது.

1940 களிலும் அதற்குப் பின்னரும் கூடக் குடாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது சுமத்தப்பட்டிருந்த தடைகளை ஆய்வாளர்கள் பட்டியலிட்டுள்ளனர். கோயிலுக்குள் போகலாகாது, தேநீர்க் கடையில் சமமாக அமரலாகாது என்பனவற்றை நாம் அடிக்கடி பேசுகிறோம். அப்பட்டியலில் உள்ள வேறு சிலவற்றை இன்று வெயிலை மனத்திற் கொண்டு மறுபடியும் படித்துப் பாருங்கள். பிறர் கிணற்றில் நீர் அள்ளலாகாது. பேருந்தில் ஆசனத்தில் அமரலாகாது. மேலுடலை மூடலாகாது. குடை பிடிக்கலாகாது. சைக்கிள் வைத்திருக்கலாகாது.

குடை, சட்டை, தண்ணீர், சைக்கிள், ஆசனம்! வெயிலில் வெளியே நடமாடும் ஒரு மனிதனுக்கு எவையெவை தேவையோ அவை அத்தனையும் எண்ணியெண்ணிப் பறிக்கப்பட்டிருக்கின்றன. யார் நாள் முழுவதும் வெயிலில் உழைத்தாரோ அவருக்கே குடை மறுக்கப்பட்டது. யார் பிறர் தோட்டத்துக்கு நீர் இறைத்தாரோ அவருக்கே கிணறு மறுக்கப்பட்டது. சாதி என்பது பிறப்பைப் பற்றிய வெறும் நம்பிக்கையன்று. அது நிழலையும் நீரையும் பங்கிடும் ஒரு முறை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெண்களின் நிலையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டியதே. ‘மேலோர்’ குடும்பத்துப் பெண்ணை வேலிக்குள் வைத்து, கிடுகின் இடுக்கால் மட்டும் வீதியைப் பார்க்க விட்டது அந்தச் சமுதாயம். உழைக்கும் குடும்பத்துப் பெண்ணையோ மீன் கடகத்துடனும் நாற்று முடியுடனும் விறகுக் கட்டுடனும் சுடுமணலில் நடக்க விட்டது. இருவரில் எவளும் தன் விருப்பத்துக்கு ஒரு மாலை வேளை காற்று வாங்கக் கடற்கரைக்குப் போய்வர முடியவில்லை.

*

பறிக்கப்பட்ட நிழல் கேளாமற் கிடைத்ததில்லை. 1924 ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகக் குரல் கொடுத்தது. அதனை நடத்தியவருள் பலர் ஆசிரியரும் மாணவருமே என்பதை இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியரும் மாணவரும் நினைவிற் கொள்வது நன்று. ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே அமைத்த சங்கங்கள் கிணற்றுக்காகவும் பள்ளிக்கூடத்துக்காகவும் தேநீர்க் கடைக்காகவும் போராடின. 1957 ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சாதியின் பேரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. ஆனால் ஏட்டிலிருந்த சட்டம் வீதிக்கு இறங்க மேலும் பல காலம் பிடித்தது.

அதை வீதிக்கு இறக்கியது ஒரு நடை. 1966 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21 ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகரை நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் ஒன்று புறப்பட்டது. சீன சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியினர் அதனை ஒழுங்கு செய்தனர். புறப்பட்ட இடத்திலேயே பொலிசாரின் தடியடி விழுந்தது. ஆயினும் ஊர்வலம் கலையவில்லை. ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நடந்து நகரை அடைந்து முற்றவெளியில் கூட்டமும் நடத்தியது. மறு ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நாடு முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 1957 ஆம் ஆண்டுச் சட்டம் 1971 இல் கடுமையாக்கப்பட்டது.

அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நடந்தவர்களே. சுமையுடனும் கட்டளையுடனும் நடந்தவர்களே. தம் சொந்த விருப்பத்துக்கு, தம் சொந்த உரிமைக்கு, பொது வீதியின் நடுவே அவர்கள் நடந்த நடை வேறு. உடல் அதே உடல். வெயில் அதே வெயில். நடையின் பொருள் மாறிவிட்டது.

நடப்பதற்கான உரிமையைப் போராடியே பெற்றவர்கள் நாம் மட்டுமல்லர். இங்கிலாந்தில் மன்செஸ்ரர், ஷெஃபீல்ட் நகரங்களின் ஆலைத் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் தூய காற்றை நாடிக் குன்றுகளுக்குப் போக விரும்பினர். குன்றுகளோ பிரபுக்களின் வேட்டை நிலங்கள். 1932 ஆம் ஆண்டு ஏப்பிரல் 24 ஆந் திகதி பெனி ரொத்மன் என்ற இளம் தொழிலாளியின் தலைமையில் நானூறு பேரளவில் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தில் தடையை மீறி ஏறி நடந்தனர். ஐவர் சிறைக்குச் சென்றனர். 1949 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நடைவழிகளுக்கும் சட்டம் பிறந்தது. பிரான்சில் 1936 ஆம் ஆண்டின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளருக்கு ஆண்டில் இரு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை வழங்கியபோதே, வாழ்வில் கடலைக் கண்டிராத பலர் துவிச்சக்கர வண்டிகளில் கடலைக் காணப் புறப்பட்டனர். ஓய்வு நேரமும் பொது நிலமும் இன்றி ‘வெளியே வாருங்கள்’ என்பது வெறும் சொல்லே என்பதை உலகத் தொழிலாளர் சரித்திரம் மெய்ப்பிக்கிறது.

*

1950 களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரம் குடாநாட்டுத் தோட்டங்களில் பரவலாயிற்று. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடு உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலையைத் தந்தது. இயந்திரங்கள் மேலும் பெருகின. துலாக்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மண்ணெண்ணெய்ப் புகையுடன் இயந்திரம் கத்தத் தொடங்கியபோது துலாவில் நடந்த ஒரு தலைமுறை நிம்மதியாகத் தரையில் இறங்கியது. அந்த நிம்மதியை நாம் கேலி செய்ய மாட்டோம். மனிதனின் முதுகிலிருந்து சுமையை இறக்கும் எந்த இயந்திரமும் வரவேற்கத் தக்கதே.

ஆனால் இயந்திரம் வந்த வழி நமக்குச் சில இழப்புகளையும் கொண்டுவந்தது. மனிதக் கால்கள் இறைத்த நீருக்கு ஓர் அளவு இருந்தது. இயந்திரம் இறைத்த நீருக்கு அளவு இல்லை. நன்னீர் குறையக் குறையக் கடலோரக் கிணறுகளில் உவர் ஏறியது. மிகையாக இட்ட உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலந்தது. பங்கு முறையில் இறைத்தவர் தனித்தனி இயந்திரம் வாங்கினர். சேர்ந்து உழைத்த பொழுது மறைந்தது. அது விடுவித்த நேரத்தில் சேர்ந்து விளையாடும் பொழுது பிறக்கவில்லை. கிளித்தட்டு மறித்த முற்றங்களும் சித்திரைப் புத்தாண்டில் போர்த்தேங்காய் அடித்த ஒழுங்கைகளும் மெல்ல மெல்ல மௌனமாயின.

பின்னர் போர் வந்தது. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புகையிரதம் நின்றது. மின்சாரம் நின்றது. பெற்றோல் தடைப் பொருளாயிற்று. அவ்வாண்டுகளில் குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஏறியது. வைத்தியரும் சைக்கிளில் போனார். நோயாளியும் சைக்கிளில் கொண்டு செல்லப்பட்டார். ஆசிரியர், மாணவர், மணமக்கள், விறகு விற்போர், வெங்காய மூடை ஏற்றுவோர் யாவரும் மிதித்தனர். இரவில் அதே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைச் சுழற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். ஒரு காலத்தில் சிலருக்கு மறுக்கப்பட்ட அந்த வாகனம் இப்போது எல்லோருக்கும் ஒரே வாகனம். வேலிக்குள் நின்ற பெண்களும் தாமே மிதித்து வேலைக்கும் கல்லூரிக்கும் சென்றனர். பெண் சைக்கிள் ஓட்டுவது குற்றமா என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமிருக்கவில்லை.

இதையும் நாம் பொற்காலம் என்று எழுத மாட்டோம். குண்டு விழும் வானத்தின் கீழே, மருந்தும் எரிபொருளும் மறுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் மிதிப்பு அது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கில் நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவை எவர் மறப்பார்? குழந்தையைத் தோளிலும் மூதாட்டியைச் சைக்கிளிலும் சுமந்து நடந்த அந்த நடைக்கு எந்தக் கணக்கில் பெயர் எழுதுவது? வடக்குக் கடற்கரையின் நீண்ட பகுதிகள் உயர் பாதுகாப்பு வலயங்களாயின. கடல் பக்கத்தில் இருந்தும் கடலில் கால் நனைக்காமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. காணிகள் ஆண்டுக் கணக்கில் காத்திருந்த பின்னரே, அதுவும் பகுதி பகுதியாகவே, விடப்பட்டன. வெளி என்பது மூடப்படும்போது முதலில் நோயுறுவது மனம், பின்னர் உடல்.

2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது நம்மவர் கொட்டிலில் சாத்தி வைத்த சைக்கிள்களை மீண்டும் துடைத்தெடுத்தனர். எரிபொருள் வந்ததும் சைக்கிள் மறுபடி கொட்டிலுக்குள் சென்றது. ஏன்? சோம்பலினாலா? அகலமாக்கப்பட்ட வீதிகளில் விரையும் வாகனங்களுக்கிடையே பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? நிழல் மரம் இல்லாத தார் வீதியில் மதிய வெயிலில் எந்த முதியவர் நடப்பார்? பள்ளிக்கூடம் விட்டதும் தனியார் வகுப்பு, அதன் பின் இன்னொரு வகுப்பு என்று ஓடும் மாணவனுக்குக் கிளித்தட்டு மறிக்க மாலைப் பொழுது எங்கே?

*

ஆகவே இன்றும் அந்தப் பழைய பங்கீடு வேறு உருவில் தொடர்கிறது. அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கு நடை இல்லை. வீதி வேலை செய்பவருக்கும் கட்டட வேலை செய்பவருக்கும் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் குனிந்து நிற்கும் பெண்ணுக்கும் நிழல் இல்லை. உலகம் சூடேறி வரும் இந்நாட்களில், முன்னவரைப் பார்த்து வெளியே வாருங்கள் என்று சொல்லும் அதே மூச்சில், பின்னவரைப் பார்த்துச் சற்று நிழலுக்கு வாருங்கள், தண்ணீர் குடியுங்கள், உச்சிப் பொழுதில் வேலையை நிறுத்துங்கள், அதற்காகக் கூலி குறையாது என்று சொல்லும் ஒரு சமுதாயமே நேர்மையான சமுதாயம்.

இது நடவாத காரியமா? ஒவ்வோர் ஆண்டும் இதே வெயில் காலத்தில் நமது கண் முன்னே நடக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் ஆலயத்தைச் சூழ்ந்த வீதிகளில் வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன. தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. மோரும் சர்க்கரைத் தண்ணீரும் யார் எவர் என்று கேளாமல் வழங்கப்படுகின்றன. முதியவரும் குழந்தைகளும் பெண்களும், மற்ற நாட்களில் நூறு யார் தூரத்துக்கு மோட்டார் வாகனம் தேடும் கனவான்களும், வெறுங்காலுடன் மைல் கணக்கில் நடக்கின்றனர். அவர்களை நடக்க வைப்பது பக்தி மட்டுமா? வழி திறந்திருக்கிறது, நிழல் இருக்கிறது, நீர் இருக்கிறது, உடன் நடக்க மனிதர் இருக்கின்றனர். நம்பிக்கை உடையவரும் இல்லாதவரும் ஒப்புக் கொள்ள வேண்டிய உண்மை இது. 25 நாட்களுக்கு ஒரு வட்டாரத்தில் இயல்வது, ஆண்டு முழுவதும் எல்லா ஊர்களிலும் ஏன் இயலாது?

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊரின் வீதிகளை இந்த வெயில் காலத்தில் ஒரு முறை நடந்து அளந்து பாருங்கள். எத்தனை மடங்கள் இடிந்து கிடக்கின்றன? எத்தனை கேணிகள் தூர்ந்து போயின? வீதியோரத்தில் எத்தனை மரங்கள் எஞ்சி நிற்கின்றன? எந்தக் குடியிருப்புக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு மரம் கூட இல்லை? எந்தக் கிணறு யாருக்கு இன்னும் திறக்கவில்லை? எழுதி வையுங்கள். உங்கள் பிரதேச சபையின் முன் வையுங்கள். மரம் நடுங்கள்; நட்டதைக் கோடையில் நீரூற்றிக் காப்பாற்றுங்கள். ஞாயிறு காலையைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு விட்டுவிடுங்கள். பெண் பிள்ளையின் சைக்கிள் மாலை மங்கிய பின்னும் அச்சமின்றி ஓடும் வீதியைக் கேளுங்கள்.

துலாவில் நடந்தவர்கள் இன்று இல்லை. அவர்கள் இறைத்த நீரில் வளர்ந்த நாம் இருக்கிறோம். அவர்களுக்கு நாம் பட்ட கடன், அவர்களது பாரத்தை மீண்டும் சுமப்பதால் தீராது. அவர்களுக்கு மறுக்கப்பட்ட நிழலை எல்லோருக்கும் பொதுவாக்குவதால் மட்டுமே தீரும். குடை எல்லோருக்கும் ஆகட்டும். கிணறு எல்லோருக்கும் ஆகட்டும். மாலைப் பொழுது எல்லோருக்கும் ஆகட்டும். அன்று யாரும் யாரையும் நடக்கும்படி வற்புறுத்த வேண்டியதில்லை. மக்கள் தாமே வெளியே வருவார்கள்.